உலைவார்ப்புக் கண்ணாடிச் சிற்பம்: தடிமன், நிறம், ஆறும் காலம்

உலைமொழி (இழையைத் தொடங்கியவர்)

கண்ணாடிச் சிற்பம் என்றதும் பலரும் ஊதுகுழலைத்தான் நினைக்கிறார்கள். இங்கே பேச விரும்புவது இன்னொரு வழி. அச்சுக்குள் கண்ணாடித் துண்டுகளைப் போட்டு, அச்சோடு உலையில் ஏற்றி, உருக்கி, அதே உலையில் நாள்கணக்கில் ஆறவிட்டு எடுக்கும் வார்ப்பு. கனமான, உள்ளே வெற்றிடமில்லாத சிற்பங்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் பிறக்கின்றன.

இந்த வழியைத் தனிக்கலையாக நிலைநிறுத்தியவர்கள் செக் தம்பதியர் ஸ்டானிஸ்லாவ் லிபென்ஸ்கி (1921–2002), யாரொஸ்லாவா பிரிக்தோவா (1924–2020). 1954-இல் லிபென்ஸ்கி ஜெலெஸ்னி பிரோட் ஊரின் கண்ணாடிப் பள்ளிக்குத் தலைவராக வந்தார். பிரிக்தோவா அதே ஊரில் கட்டடங்களுக்கான வார்ப்புக் கண்ணாடியில் ஏற்கெனவே இறங்கியிருந்தார். லிபென்ஸ்கி வரைந்த ஒரு தலையை அவர் களிமண்ணில் வடித்து வார்த்ததிலிருந்து கூட்டுப்பணி தொடங்கியது. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் வேலைப் பிரிவு இதுதான்: கரியிலும் வண்ணத்திலும் பெரிய தாளில் வரைவது லிபென்ஸ்கி, அதை முப்பரிமாணமாக்கி வார்ப்பு வரை கொண்டுசெல்வது பிரிக்தோவா.

அவர்களிடம் கற்க வேண்டிய முதல் பாடம் எதிர்ப்புடைப்பு. முகத்தை முன்பக்கம் புடைப்பாகச் செதுக்காமல், பின்பக்கம் குழிவாகக் குடைகிறார்கள். முன்னாலிருந்து பார்த்தால், கண்ணாடி வழியே அந்தக் குழிவு உள்ளே மிதக்கும் திரட்சியாகத் தெரியும். இரண்டாவது பாடம், ஒரு சிற்பத்துக்கு ஒரே நிறம். கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகத்தில் இருக்கும் 1993-ஆம் ஆண்டின் 'சிவப்புப் பிரமிட்' முழுக்க ஒரே சிவப்பு. விளிம்பில் வெளிர்வதும் நடுவில் கருப்பை நெருங்குவதும் தடிமன் மாறுவதால் மட்டுமே நடக்கிறது.

தடிமன்தான் நிறத்தைத் தருகிறது. அதே தடிமன்தான் ஆறும் காலத்தையும், உடையும் வாய்ப்பையும், ஆண்டுக்கு எத்தனை சிற்பம் முடியும் என்பதையும் நிர்ணயிக்கிறது. இந்தக் கோணத்தில் எல்லாரும் விவரத்தோடு எழுதினால் நன்றாயிருக்கும். வெப்பநிலை எல்லாம் செல்சியஸ்.

---

நிறமாலை

நிறத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வரைபடத்திலேயே தவறு நுழையும் இடம் இது.

கண்ணாடி ஒளியை உறிஞ்சுவது கூட்டலில் போவதில்லை, பெருக்கலில் போகிறது. 1 செ.மீ. தடிமனில் 80 சதவீத ஒளியை விடும் கண்ணாடி, 2 செ.மீ.யில் 64 சதவீதம்தான் விடும். 5 செ.மீ.யில் 33. 10 செ.மீ.யில் ஏறத்தாழ 11. விற்பனையாளரின் மாதிரித் தகடு பொதுவாக 3 முதல் 6 மி.மீ. தடிமன்தான். அதைப் பார்த்து 'அழகான நீலம்' என்று தேர்ந்தெடுத்து 12 செ.மீ. வார்த்தால் கரித்துண்டுதான் கிடைக்கும்.

சரியான வழி, படிக்கட்டு வார்ப்பு. ஒரே துண்டில் 1, 2, 4, 8 செ.மீ. எனப் படிகள் வைத்து, வாங்கிய அதே தொகுதிக் கண்ணாடியில் வார்த்துப் பார்ப்பது. மிக வெளிர்ந்த, கிட்டத்தட்ட நிறமே இல்லாதது போன்ற சாயல்கள்தான் கனமான சிற்பத்துக்கு உதவும். கடுநிறம் கையில் இருந்தால் அதையே நிறமற்ற கண்ணாடியோடு கலந்து உருக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். உலைவார்ப்பில் கிளறுவது கிடையாது என்பதால் நிறம் கலக்காமல் திரைதிரையாகத் தொங்கும். அந்தத் திரைதான் வேண்டுமென்றால் செய்யலாம்.

நியோடிமியம் கலந்த கண்ணாடிக்குத் தனி எச்சரிக்கை. பகல் ஒளியிலும் இழை விளக்கிலும் இளஊதா. குழல் விளக்கின் கீழ் சாம்பல் கலந்த நீலம். காட்சிக்கூடத்தின் விளக்கு எது என்று தெரியாமல் அதில் பெரிய வேலை எடுக்கக் கூடாது. தங்கச் சிவப்பும் செலீனியச் சிவப்பும் சூட்டில்தான் நிறம் காட்டும். எவ்வளவு நேரம் எந்தச் சூட்டில் நின்றன என்பதைப் பொறுத்து நிறம் மாறும். ஆகவே சோதனைத் துண்டுக்கும் சிற்பத்துக்கும் ஒரே சுழற்சி கொடுக்காவிட்டால் சோதனையால் பயனில்லை.

---

புதுஅச்சு

நிறமாலை அக்கா, படிக்கட்டு வார்ப்பு யோசனைக்கு நன்றி. எனக்கு அச்சில்தான் சந்தேகம். 30 × 20 × 10 செ.மீ. அளவில் ஒரு கட்டி, மேல்பக்கம் திறந்த அச்சு. பிளாஸ்டர், சிலிக்கா, தண்ணீர் எவ்வளவு? சுவர் எவ்வளவு கனம்? சில இடங்களில் கன அளவு விகிதம், சில இடங்களில் எடை விகிதம் என்று போட்டுக் குழப்புகிறார்கள்.

---

வார்ப்பகம்

எடையில்தான் அளக்க வேண்டும். பிளாஸ்டர் 1, சிலிக்கா மாவு 1, தண்ணீர் 1. கன அளவில் அளந்தால், பொடி எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு முறையும் மாறும்.

உங்கள் அளவுக்கு: பக்கச் சுவரும் அடியும் 4 செ.மீ. வைத்தால் வெளிப்பெட்டி 38 × 28 × 14 செ.மீ., அதாவது 14.9 லிட்டர். உள்ளே இருக்கும் உருவம் 6 லிட்டர். அச்சுக் கலவைக்கான இடம் 8.9 லிட்டர். மூன்றிலும் ஒவ்வொரு கிலோ சேர்த்தால் ஏறத்தாழ 1.75 லிட்டர் கலவை வரும். ஆக ஒவ்வொன்றும் 5.1 கிலோ. வாளியில் ஒட்டுவதற்கும் பெட்டி வளைவதற்கும் பத்து சதவீதம் கூட்டி 5.6 கிலோ வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் கலவை தீர்ந்து இரண்டாவது வாளி கலக்கினால், இரண்டுக்கும் நடுவில் உள்ள ஒட்டில்தான் அச்சு பிளக்கும்.

தண்ணீர் 21 முதல் 24 டிகிரிக்குள். பொடியைத்தான் தண்ணீரில் தூவ வேண்டும். தண்ணீரைப் பொடியில் ஊற்றக் கூடாது. இரண்டு பொடியையும் உலர்ந்த நிலையிலேயே நன்றாகக் கலந்துவிட்டு, சீராகத் தூவி, ஓரிரு நிமிடம் தொடாமல் ஊறவிட்டு, பிறகு மூன்று முதல் ஐந்து நிமிடம் காற்று புகாதபடி கலக்கி, உருவத்தின் மேல் நேரே ஊற்றாமல் பெட்டியின் ஒரு மூலையில் ஊற்றி மட்டம் ஏறவிடுங்கள். உருவத்தின் மேல் முதலில் மென்தூரிகையால் ஒரு பூச்சு கொடுத்தால் காற்றுக்குமிழ் ஒட்டாது. ஒவ்வொரு குமிழும் சிற்பத்தில் ஒரு மருவாக வந்து நிற்கும். பிறகு வைரச் சாணையில் தேய்த்துத்தான் எடுக்க முடியும்.

சுவர் சீராக இருப்பது கனமாக இருப்பதைவிட முக்கியம். ஒரு மூலையில் 3 செ.மீ., இன்னொரு மூலையில் 9 என்றால் கனமான பக்கம் கண்ணாடி தாமதமாக ஆறும். அந்த ஏற்றத்தாழ்வே கண்ணாடிக்குள் இறுக்கமாக மாறும். உருவம் வட்டமாக இருந்தால் சதுரப் பெட்டி வேண்டாம். உருவத்தை ஒட்டியே வளைந்து வரும் தடுப்பு கட்டுங்கள்.

இப்போது பலரும் கணக்கில் எடுக்காத ஒன்று: தண்ணீர். 1 கிலோ பிளாஸ்டர் இறுகும்போது வேதிவழியில் பிடித்துக்கொள்வது ஏறத்தாழ 190 கிராம் தண்ணீரைத்தான். மீதி 810 கிராம் வெறும் ஈரம். 5.6 கிலோவுக்கு அது 4.5 லிட்டர்! அச்சு வார்த்த உடனே எடை போட்டு மேலேயே எழுதிவையுங்கள். காற்றோட்டத்தில் உலரும்போது அந்த 4.5 கிலோவில் எவ்வளவு குறைந்தது என்று தராசே சொல்லும். மீதியிருக்கும் ஒரு லிட்டர், வேதிவழியில் கட்டுண்டது, உலையில் 100-க்கு மேல் 200-க்குள் வெளியேறும். அங்கே அவசரப்பட்டால் அச்சின் உள்முகம் செதில் செதிலாக உரியும்.

---

சாணைக்கல்

சிலிக்கா மாவு பற்றி ஒரு வரிகூட எழுதாமல் போனால் தவறு. கண்ணுக்குத் தெரியாத தூசிதான் நுரையீரலில் தங்குகிறது. சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்த பிறகு திரும்பாது. துணி முகமூடி, அறுவைசிகிச்சை முகமூடி எதுவும் பயன்படாது. பி-100 அல்லது பி-3 தர வடிகட்டி பொருந்திய, முகத்தோடு ஒட்டி அமரும் மூச்சுக்கவசம் வேண்டும். தாடி இருந்தால் ஒட்டாது.

பொடி கலக்கும்போது மட்டும் போட்டால் போதாது. சுட்ட அச்சை உடைத்துச் சிற்பத்தை வெளியே எடுக்கும்போதுதான் தூசி அதிகம். உடைக்கும் முன் தண்ணீர் தெளித்து நனையுங்கள், ஆனால் கண்ணாடி முழுக்க அறைச் சூட்டுக்கு வந்த பிறகு மட்டும். தரையைத் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

---

மெழுகுவிரல்

கண்ணாடி எடை: உருவத்தின் கன அளவு லிட்டரில் × 2.5. சாதாரண சோடா-சுண்ணாம்பு வகைக்கு இது சரி. ஈயப் படிகம் என்றால் 3-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ போகும், தயாரிப்பாளரின் அடர்த்தி எண்ணைப் பாருங்கள். புதுஅச்சு கேட்ட 6 லிட்டருக்கு 15 கிலோ.

மெழுகு மாதிரியாக இருந்தால் தண்ணீரில் முக்கி அளக்க வேண்டிய தேவையில்லை. மெழுகின் அடர்த்தி ஏறத்தாழ 0.9. ஆகவே மெழுகின் எடையை 2.8-ஆல் பெருக்கினால் கண்ணாடியின் எடை வந்துவிடும். உள்ளே கம்பி, களிமண் எதுவும் இல்லாத மெழுகுக்கு மட்டும் இந்தக் கணக்கு.

மெழுகை உலையில் எரித்து எடுக்காதீர்கள். நீராவியால் உருக்கி ஒழுகவிடுங்கள். எரித்தால் கரி அச்சின் துளைகளில் தங்கிக் கண்ணாடியில் சாம்பல் படலமாக வரும். நீராவி பிடித்த பிறகு கொதிநீரால் ஒரு முறை கழுவிக் கவிழ்த்தால் மீதி மெழுகும் மிதந்து வந்துவிடும்.

துண்டுகளை எப்படி நிரப்புவது என்பதில்தான் தெளிவு அடங்கியிருக்கிறது. நொறுக்கிய 2–3 மி.மீ. துகளில் வார்த்தால் ஒவ்வொரு துகளின் மேற்பரப்பிலும் இருந்த காற்று குமிழாக மாறிப் பால்போல் மங்கும். கைப்பிடி அளவுக் கட்டிகளில் வார்த்தால் குமிழ் குறையும், ஆனால் கட்டிகளின் எல்லைகள் மெல்லிய திரைகளாகத் தெரியும். முழுத் தெளிவு வேண்டுமானால் அச்சின் வடிவத்துக்கு ஏற்ற ஒன்றிரண்டு பெரிய கட்டிகள்தான். எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது அழகியல் முடிவு, செலவு முடிவல்ல.

குவித்த கட்டிகளுக்கு நடுவே பாதிக்குப் பாதி வெற்றிடம். 6 லிட்டர் கண்ணாடி குவியலாக 11 லிட்டர் இடம் பிடிக்கும். அச்சு 6 கொள்ளும், மீதி 5 லிட்டருக்கு மேலே தேக்கம் வேண்டும். மேல்பூச்சில்லாத மண் பூந்தொட்டியின் அடித்துளையை இரண்டு மூன்று செ.மீ.க்கு அகட்டி அச்சின் மேல் தாங்கி வைப்பது பழைய வழி. துளைக்கும் அச்சின் வாய்க்கும் இடைவெளி குறைவாக இருக்கட்டும். உயரத்திலிருந்து விழும் கண்ணாடி தேன்போல் சுருள்சுருளாக மடிந்து, மடிப்புக்கு மடிப்பு காற்றைப் பிடித்துக்கொள்ளும். தொட்டியின் சுவரில் ஒட்டி நிற்பதற்காக 5 முதல் 10 சதவீதம் கூடுதல் கண்ணாடி போடுங்கள். ஈரத் தொட்டி வெடிக்கும், அச்சோடு சேர்த்து அதையும் உலர்த்துங்கள்.

கண்ணாடியைக் கழுவுவது முக்கியம். கைரேகை, குறியிட்ட மை, வெட்டும்போது ஒட்டிய எண்ணெய், எல்லாமே படிகமாகும் வெண்படலத்துக்கு வித்து.

---

புதுஅச்சு

வார்ப்பகம் அண்ணா, எடை போடும் யோசனை பிரமாதம். உலைச் சுழற்சியையும் யாராவது எழுதினால் முழுமையாகும். 10 செ.மீ. தடிமனுக்கு ஆற்றும் காலம் ஒரு வாரம் என்று எங்கோ பார்த்தேன். உண்மையிலேயே அவ்வளவா?

---

உலைமொழி

உண்மை. சில சமயம் அதற்கும் மேல்.

ஏற்றம்: மணிக்கு 50 டிகிரி வேகத்தில் 95 வரை. அங்கே குறைந்தது ஆறு மணி நேரம். அச்சு கனமாக இருந்தால் இரவு முழுக்க. பிறகு 200 வரை ஏற்றி மறுபடி ஆறு மணி. உலையின் காற்றுவழியில் ஒரு கண்ணாடித் துண்டைக் காட்டினால் ஈரம் படிகிறதா என்று தெரியும். படிந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். 573 டிகிரியில் அச்சின் சிலிக்காவிலுள்ள குவார்ட்ஸ் உருமாறித் திடீரென்று விரியும். அந்த எல்லையைச் சுற்றி வேகம் 50-ஐத் தாண்ட வேண்டாம். 675 அளவில் ஓரிரு மணி நின்று அச்சின் உள்ளும் புறமும் ஒரே சூட்டுக்கு வரட்டும். அங்கிருந்து 830-க்கு விரைவாக. 700-க்கும் 800-க்கும் இடையில் தங்குவதுதான் மேற்பரப்பு படிகமாவதற்குச் சாதகமான சூழல்.

830-இல் மூன்று முதல் ஆறு மணி. நேரம் என்பது வழிகாட்டி மட்டும், கண்ணால் பார்த்து முடிவெடுங்கள். பார்வைத்துளை வழியே, அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி அணிந்து, மட்டம் ஏறி நின்றுவிட்டதா என்று பாருங்கள். சிலர் சூட்டை 870, 900 என்று ஏற்றி நேரத்தைச் சுருக்குகிறார்கள். பிளாஸ்டர் அச்சு அந்தச் சூட்டில் தன் வலிமையை ஏறத்தாழ முழுக்க இழந்துவிடும், கண்ணாடியும் அச்சின் துளைகளில் ஊறி முரடாக ஒட்டும். 830-க்கே அச்சைச் சுற்றித் துருப்பிடிக்காத எஃகு வலைப் பட்டையோ, செங்கல் தடுப்பும் நடுவில் மணலும் வைப்பதோ நல்லது.

இனி அனீலிங், அதாவது உள்ளே இறுக்கம் தங்காதபடி கண்ணாடியை மெல்ல ஆற்றுவது. புல்ஸ்ஐ நிறுவனம் தன் கண்ணாடிக்கு வெளியிட்டுள்ள கனத் தகடு அட்டவணையிலிருந்து சில எண்கள். நிறுத்தும் சூடு 482. அங்கிருந்து 427 வரை முதல் கட்டம்:

25 மி.மீ.: 4 மணி நிறுத்தம், மணிக்கு 15 டிகிரி
50 மி.மீ.: 8 மணி, 3.8 டிகிரி
100 மி.மீ.: 16 மணி, 0.94 டிகிரி
200 மி.மீ.: 32 மணி, 0.24 டிகிரி

தடிமன் இரட்டித்தால் வேகம் நான்கில் ஒன்றாகிறது பாருங்கள். மேற்பரப்புக்கும் நடுவுக்கும் உள்ள சூட்டு வேறுபாடு, ஆறும் வேகத்தையும் தடிமனின் வர்க்கத்தையும் பொறுத்தது. அந்த வேறுபாட்டை ஒரே அளவில் வைத்திருக்க வேண்டுமென்றால் வேறு வழியில்லை. 427-இலிருந்து 371 வரை வேகத்தை ஏறத்தாழ 1.8 மடங்காக்கலாம்; அதற்குக் கீழே முதல் கட்டத்தின் ஆறு மடங்கு. மொத்தம் கூட்டினால் 50 மி.மீ.க்கு இரண்டு நாள், 100 மி.மீ.க்கு 170 மணி, அதாவது ஏழு நாள். 200 மி.மீ.க்கு 27 நாளை ஒட்டி வரும்.

இது வேறு கண்ணாடிக்கு அப்படியே பொருந்தாது. ஒவ்வொரு கண்ணாடிக்கும் நிறுத்தும் சூடு வேறு.

கனம் கூடினால் காலம் எங்கே போய் நிற்கும் என்பதற்கு பாலோமர் தொலைநோக்கி ஆடி நல்ல எடுத்துக்காட்டு. 200 அங்குலக் குறுக்களவு, சூட்டில் விரிவு குறைந்த போரோசிலிகேட் கண்ணாடி, பின்பக்கம் தேன்கூட்டு விலா அமைப்பு வைத்து உண்மையான தடிமன் குறைக்கப்பட்டது. 1934 டிசம்பரில் கார்னிங் நிறுவனம் வார்த்த அந்த வட்டை ஆற்ற ஏறத்தாழ பத்து மாதம் பிடித்தது.

கட்டுப்படுத்தி பற்றி ஒரு குறிப்பு. பல கருவிகள் மணிக்கு முழு டிகிரி வேகத்தை மட்டுமே ஏற்கும், 0.94 என்று கொடுத்தால் 1 ஆக்கிவிடும், 0.24-ஐ 0 ஆக்கிவிடும். 0 என்றால் சில கருவிகளில் 'முழு வேகம்' என்று பொருள்! இலக்குச் சூடும் காலமும் கொடுக்கும் வகைக் கருவியில் 100 மி.மீ.யின் முதல் கட்டத்துக்கு '427 டிகிரி, 58 மணி 30 நிமிடம்' என்று கொடுங்கள். அந்த வசதி இல்லாவிட்டால், 0.24 போன்ற வேகத்தை ஒரு டிகிரி இறக்கு, நான்கு மணி நிறுத்து என்று படிகளாகப் பிரிக்கலாம்.

---

வார்ப்பகம்

உலைமொழி சொன்ன எண்கள் சரி. ஆனால் அவை எதற்கான எண்கள் என்பதில் நான் கடுமையாக நிற்கிறேன். அது சீரான தகடு, இரண்டு பக்கமும் சமமாகச் சூடு வெளியேறும் நிலைக்கான அட்டவணை. அச்சுக்குள் கிடக்கும் கட்டிக்கு அந்த நிலை கிடையாது. மேலே திறந்த முகம், கீழே 4 செ.மீ. பிளாஸ்டர், அதற்கும் கீழே உலைத் தட்டு. சூடு பெரும்பாலும் ஒரு பக்கமாகத்தான் வெளியேறும். ஒரே பக்கம் ஆறும் 100 மி.மீ. கட்டியை 200 மி.மீ. தகடாகத்தான் கணக்கிட வேண்டும். ஏழு நாள் அங்கே 27 நாளாகிறது.

அந்த 27 நாளை வெட்ட வழி இருக்கிறது. அச்சைத் தட்டில் நேரே வைக்காமல் 5 செ.மீ. கால்களில் ஏற்றி அடியில் காற்றோட்டம் விடுங்கள். மேலே திறந்த முகத்தை அச்சுச் சுவரின் அதே கனமுள்ள, சூடு தாங்கும் இழைப்போர்வையால் மூடுங்கள். உலையில் மேல், கீழ், பக்கச் சூடேற்றிகள் தனித்தனியே கட்டுப்பட்டால் இன்னும் நல்லது. மூன்று வெப்பமானிகளை அச்சின் மேல், கீழ், பக்கவாட்டில் பதித்து, 482-இல் மூன்றுக்கும் 3 டிகிரிக்குள் வித்தியாசம் வரும் வரை நிறுத்தக் கணக்கையே தொடங்காதீர்கள். உலைக் காற்றின் சூடு வேறு, அச்சுக்குள் கண்ணாடியின் சூடு வேறு. ஆறும்போது உள்ளே பல மணி நேரம் பின்தங்கியே வரும்.

உள்ளீடற்ற சிற்பம் முற்றிலும் வேறு கணக்கு. அமெரிக்கச் சிற்பி கேரன் லமாண்ட் 1999-இல் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் பிராகுக்குச் சென்று, 2000-இல் ஆள் உயர ஆடையைக் கண்ணாடியில் வார்த்தார். 'வெஸ்டிஜ்' என்று பெயர். வெளிப்பக்கம் துணியின் மடிப்பு, உள்பக்கம் இல்லாத உடலின் பதிவு. ஆள் உயரம் இருந்தும் கண்ணாடிச் சுவர் மெல்லியது என்பதால், அனீலிங் கணக்கு சுவரின் கனத்தைத்தான் பின்பற்றும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: உள்அச்சு. ஆறும்போது கண்ணாடி சுருங்கி உள்அச்சை இறுக்கும். உள்அச்சு அசையாவிட்டால் கண்ணாடிதான் விட்டுக்கொடுக்கும். அதனால் உள்அச்சை வெளிஅச்சைவிட வலுக்குறைவாகச் செய்வார்கள். சிலிக்கா கூட்டிப் பிளாஸ்டர் குறைப்பது, வெர்மிகுலைட் என்ற இலேசான கனிமத் துகள் சேர்ப்பது, நடுவைக் குடைந்து கூடாக்குவது. சூடு உள்ளிருந்தும் வெளியேற அந்தக் கூடு உதவும்.

---

உலைமொழி

சூடு ஒரு பக்கமாக ஆறுவது பற்றி முழுதாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மேலே இழைப்போர்வை போடும்போது 830-இலேயே போட்டுவிடக் கூடாது. உதிர்ந்த இழை கண்ணாடியில் ஒட்டும். அச்சின் வாய்க்கு மேல் தட்டு வைத்து, அதன் மேல் போர்வை போடும்படி முதலிலேயே அமைத்துக்கொள்ளுங்கள்.

---

சாணைக்கல்

உடைந்த துண்டே காரணத்தைச் சொல்லும். படிக்கத் தெரிந்தால் போதும்.

உடைந்த விளிம்பு மழுங்கி வழவழப்பாக இருந்தால், விரிசல் விழுந்த பிறகு கண்ணாடி மறுபடி சூடேறியிருக்கிறது. ஏற்றத்தில் அவசரம். விளிம்பு கூராக இருந்தால் ஆறும்போது உடைந்தது. இரண்டு நிறம் சந்திக்கும் கோட்டிலேயே பிளந்தால் அந்த இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாத கண்ணாடிகள். விரிவுக் கெழு எண் (சூட்டில் எவ்வளவு விரியும் என்ற அளவு) ஒன்றாக இருந்தால் பொருந்தும் என்ற நம்பிக்கை தவறானது. பாகுத்தன்மை சூட்டோடு மாறும் விதமும் ஒத்துவர வேண்டும். தடிமன் சட்டென்று மாறும் உள்மூலையிலிருந்து விரிசல் கிளம்பினால் வடிவமைப்பே காரணம். அந்த மூலைக்குக் குறைந்தது ஒரு செ.மீ. ஆர வளைவு கொடுங்கள். நடுவில் நீண்டு வளைந்து போகும் பிளவு, எந்த எல்லையையும் பின்பற்றாமல் போனால், பெரும்பாலும் அனீலிங் குறைவு.

மேற்பரப்பில் பள்ளம் விழுந்து, அது பளபளவென்று உரோமமில்லாத தோல்போல் இருந்தால் அது அச்சின் குறையல்ல. கனமான பகுதி கடைசியாக ஆறிச் சுருங்கும்போது அருகிலுள்ள மேற்பரப்பை உள்ளே இழுத்துக்கொள்கிறது. தேக்கத்தைக் கனமான பகுதிக்கு நேர்மேலே வைத்தால் அந்தக் குறை தேக்கத்தில் விழும். அதை அறுத்து எறியலாம்.

இறுக்கம் சோதிக்கத் தனிக்கருவி இல்லாவிட்டால், வெள்ளைத் திரை காட்டும் திரவப்படிகக் கணினித் திரையின் முன் சிற்பத்தை வைத்து, கண்ணுக்கு முன் ஒரு முனைவாக்கப் படலத்தை (போலரைசர்) பிடித்துச் சுழற்றுங்கள். திரையின் ஒளி ஏற்கெனவே முனைவாக்கப்பட்டது. திரை இருண்ட நிலையில், கண்ணாடிக்குள் ஒளிரும் பகுதிகள் இறுக்கம் உள்ள இடங்கள். கனமான துண்டில் நிறப் பட்டைகள் வந்தால், அதைச் சாணையில் ஏற்றாமல் மறுபடி உலைக்கு அனுப்புவதே நல்லது. கடுநிறத்தில் இந்தச் சோதனை எதையும் காட்டாது. அதே சுழற்சியில் வைத்த நிறமற்ற துணைத்துண்டு இருந்தால் அதைப் பார்க்கலாம்.

மின்தடை வந்தால்? உலையைத் திறக்காதீர்கள். சூடு 427-க்கு மேலேயே இருந்தால் 482-க்குத் திரும்பி நிறுத்தத்தை முதலிலிருந்து தொடங்குங்கள். கீழே போய்விட்டால் உடையாமல் இருக்கலாம், இறுக்கம் உள்ளே பூட்டப்பட்டிருக்கும். மறுபடி 482 வரை ஏற்ற வேண்டும், அட்டவணையின் கடைசிக் கட்ட வேகத்தைத் தாண்டாமல்.

---

மெழுகுவிரல்

சாணைக்கல், தேய்ப்பையும் நீங்களே எழுதுங்கள்.

---

சாணைக்கல்

சுருக்கமாக. தேக்கத்தை வைர வாளால் அறுத்ததும் எல்லா விளிம்பையும் 2 மி.மீ. சாய்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த கட்டத்தில் சில்லு தெறிக்கும். வைரப் பட்டைகளில் 60, 120, 220, 400 என்று ஏறுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் முன் மெழுகுப் பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு, அது முழுக்க மறையும் வரை தேய்த்தால் சீராக வந்திருக்கும். 60-இன் கீறல் 400-இல் போகாது. ஆனால் மெருகிட்ட பிறகு பளிச்சென்று தெரியும், அப்போது 60-க்கே திரும்ப வேண்டும். கடைசியில் நுரைக்கல் தூள், பிறகு கம்பளிச் சக்கரத்தில் சீரியம் ஆக்சைடு. கம்பளி காய்ந்தால் உராய்வுச் சூட்டில் ஒரே இடம் கொதித்து விரிசல் விடும். நீர் விழுவது நிற்கக் கூடாது.

மெருகிட்ட முகம் ஜன்னல், மங்கிய முகம் திரை. எல்லா முகத்தையும் மெருகிட்டால் உள்ளே எங்கே பார்ப்பது என்று கண்ணுக்குப் புரியாது. ஒரு முகத்தை மட்டும் மெருகிட்டு மற்றவற்றை 400-இல் நிறுத்தினால், மங்கிய முகங்கள் ஒளியை உள்ளே வாங்கிப் பரப்பும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் மெருகிடுவது பட்டறையில் செய்யும் வேலையே அல்ல. அதற்கான உரிமமும் கழிவுநீர் ஏற்பாடும் உள்ள தொழிற்சாலைக்கு அனுப்புங்கள்.

---

நிறமாலை

தொழிலுக்கு வருவோம். உலைமொழி தொடக்கத்தில் சொன்ன 'ஆண்டுக்கு எத்தனை' என்ற கேள்விதான் இந்தக் கலைஞர்களின் வாழ்க்கையை வடிவமைத்திருக்கிறது.

100 மி.மீ. தகடு: ஆற்ற ஏழு நாள், ஏற்றமும் உருக்கமும் மூன்று நாள். ஒரு உலைக்குப் பத்து நாள். ஓய்வே இல்லாமல் ஓட்டினாலும் ஆண்டுக்கு 36 வார்ப்பு. 200 மி.மீ. என்றால் முப்பது நாளுக்கு ஒன்று, ஆண்டுக்கு 12. தேய்ப்புக்கு அதைவிட அதிக நாள் ஆகலாம். இதனால் விலையைக் கண்ணாடி எடையில் கணக்கிடுபவர் நட்டப்படுவார். உலை-நாள், சாணை-மணி இரண்டையும் அலகாக வைத்துத்தான் கணக்கிட வேண்டும். உடைவதற்கான பங்கும் அதற்குள் வர வேண்டும்.

கண்ணாடியைத் தொழிற்சாலையிலிருந்து தனிக்கலைஞரின் கைக்குக் கொண்டுவந்த முயற்சி 1962-இல் அமெரிக்காவின் டொலிடோ அருங்காட்சியகத்தில் ஹார்வி லிட்டில்டன் நடத்திய இரண்டு பட்டறைகள். சிறிய உலை, டொமினிக் லபினோ உதவிய எளிதில் உருகும் கண்ணாடி. அந்த இயக்கத்தின் கனவு, ஒரே ஆள் தொடக்கம் முதல் முடிவு வரை செய்வது. வார்ப்பில் அந்தக் கனவு ஓரளவுக்கு மேல் செல்லாது. லிபென்ஸ்கியும் பிரிக்தோவாவும் தொழிற்சாலையின் உலைகளை நம்பித்தான் பெரிய வேலைகளைச் செய்தார்கள். 1970 ஒசாகா உலகக் கண்காட்சிக்கு அவர்கள் வார்த்த 'வாழ்வின் நதி' 20 மீட்டருக்கும் மேல் நீண்டது. தனிப்பட்டறையில் நினைத்துப் பார்க்க முடியுமா?

---

வார்ப்பகம்

இங்கே கொஞ்சம் மாறுபடுகிறேன். வேலையை வார்த்துத் தரும் தொழிற்கூடமான வார்ப்பகத்துக்கு அனுப்பினாலும், சிறிய அளவிலாவது தானே வார்த்துப் பழகாத சிற்பியின் வரைபடத்தில் உடையும் மூலைகள் நிறைய இருக்கும். பிரிக்தோவா வார்ப்பின் எல்லைகளை அறிந்தவர் என்பதால்தான் லிபென்ஸ்கியின் ஓவியம் கண்ணாடியாக மாற முடிந்தது. 1963 முதல் 1987 வரை பிராகின் பயன்பாட்டுக்கலை அகாதெமியில் லிபென்ஸ்கி பயிற்றுவித்தபோதும், வரைவதும் பொருளறிவும் ஒன்றாகவே போயின.

ஊதுகண்ணாடிக் கலைஞர் டேல் சிஹுலி 1976 விபத்தில் இடக்கண் பார்வையை இழந்து, 1979-இல் தோளும் அடிபட்ட பிறகு ஊதுவதைக் குழுவிடம் விட்டு வரைபடங்கள் வழியே இயக்கினார். அதற்கு முன் பல ஆண்டு தானே ஊதியவர். அந்த அறிவு இருந்ததால்தான் அவர் வரைந்த கோடு குழுவுக்குப் புரிந்தது.

---

நிறமாலை

அதில் மறுப்பில்லை அண்ணா. நான் சொல்வது, பெரிய அளவுக்குப் போகும் நாள் வந்தால் வார்ப்பகத்தோடு வேலை செய்வதை யாரும் தாழ்வாக நினைக்க வேண்டாம் என்பதுதான். வெண்கலச் சிற்பிகள் நெடுங்காலமாக அப்படித்தான் செய்கிறார்கள். சிற்பியின் பெயரோடு வார்ப்பகத்தின் பெயரையும் ஆவணத்தில் எழுதுவது நேர்மை.

ஆணைவேலை எடுப்பவர்களுக்கு ஒப்பந்தத்தில் கட்டாயம் இருக்க வேண்டியவை: பணம் மூன்று கட்டமாக, சிறிய மாதிரி ஒப்புதலானதும், வார்ப்பு உலையிலிருந்து முழுதாக வெளிவந்ததும், நிறுவியதும். ஒரு முறை உடைந்தால் மறுவார்ப்புக்கான கால நீட்டிப்பு, நாள் எண்ணிக்கையோடு. குமிழ், திரை, அச்சுத்தடம் எந்த அளவுக்கு ஏற்கத்தக்கது என்பதைக் காட்டும் கைப்பிடி அளவு மாதிரித்துண்டு, இரு தரப்பும் கையொப்பமிட்டது. இந்தத் துண்டு இல்லாவிட்டால் 'உள்ளே குமிழ் இருக்கிறது' என்ற ஒரே வரியில் வேலை திரும்பி வரும்.

பதிப்பு எண்ணிக்கை பற்றியும் தெளிவு வேண்டும். பிளாஸ்டர் அச்சு ஒரே முறைதான். சிலிகோன் ரப்பர் அச்சு வைத்து மெழுகு எடுத்தால் பல பிரதி வார்க்கலாம். எத்தனை என்று முதல் பிரதியை விற்கும் முன்பே முடிவெடுத்து எழுதிவிடுங்கள். ஒவ்வொரு பிரதியோடும் கண்ணாடியின் தொகுதி எண்ணும் உலைச் சுழற்சியின் பதிவும் சேர்த்து வையுங்கள். பின்னாளில் பழுது பார்ப்பவருக்கு அதுதான் முதலில் தேவைப்படும்.

---

புதுஅச்சு

நிறுவுவதில் எதைக் கவனிக்க வேண்டும்? 60 × 60 × 10 செ.மீ. துண்டு ஒன்றைச் செங்குத்தாக நிறுத்துவதாக வைத்துக்கொண்டால்?

---

மெழுகுவிரல்

அது 36 லிட்டர், 90 கிலோ. முதலில் தரையும் பீடமும் அந்த எடையைத் தாங்குமா என்று கட்டடப் பொறியாளர் பார்க்கட்டும். மங்கிய, முரடான பரப்பில் உறிஞ்சுகுவளைத் தூக்கி பிடிக்காது; அகலமான துணிப்பட்டைகளில்தான் தூக்க வேண்டும். பட்டை விளிம்பில் உராயும் இடத்தில் ரப்பர் வையுங்கள். கண்ணாடி எங்குமே உலோகத்தை நேரே தொடக் கூடாது. அடியில் 3 முதல் 5 மி.மீ. நியோப்ரீன் ரப்பர். பீடத்தில் 2 செ.மீ. ஆழப் பள்ளம் வெட்டி அதில் இறக்கி, சுற்றிலும் நடுநிலைச் சிலிகோன் நிரப்பினால் சாயாது. அமில வாடை அடிக்கும் வகைச் சிலிகோன் உலோகத்தை அரிக்கும், அதைத் தவிருங்கள். கீழ்விளிம்பு முழு நீளமும் சமமாக அமராவிட்டால் எடை இரண்டு புள்ளிகளில் குவியும், அங்கிருந்துதான் சில்லு பெயரும். ஆகவே கீழ்விளிம்பைத் தட்டையான சாணையில் மட்டப்படுத்திய பிறகே நியோப்ரீன்.

ஒளி: முன்னாலிருந்து அடித்தால் மேற்பரப்பு மட்டும் மின்னும், தடிமன் தெரியாது. பின்னால் ஒரு முழ தூரத்தில் வெள்ளைச் சுவர் வைத்து அந்தச் சுவரின் மேல் ஒளியை வீசுங்கள். கண்ணாடி வழியே நாம் பார்ப்பது அந்தச் சுவரைத்தான். ஜன்னல் ஓரம் வைப்பதாக இருந்தால் நேர்வெயில் படும் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். கடுநிறக் கட்டியின் ஒரு பாதி வெயிலிலும் மறுபாதி நிழலிலும் இருந்தால், நன்றாக ஆற்றிய துண்டுக்கே அது சோதனை. இறுக்கம் மிச்சமிருக்கும் துண்டு பிளந்துவிடும்.

---

உலைமொழி

மெழுகுவிரல் சொன்ன சுவர் ஒளி பற்றி ஒரு சேர்க்கை. சிற்பத்தை வார்க்கும் முன்பே, மெழுகு மாதிரியின் ஒவ்வொரு பகுதித் தடிமனையும் இடுக்கியளவியால் அளந்து தாளில் குறித்து, நிறமாலை சொன்ன படிக்கட்டுத் துண்டை அதே சுவருக்கு முன் அதே விளக்கில் வைத்துப் பாருங்கள். எங்கே மெழுகைச் சுரண்ட வேண்டும், எங்கே கூட்ட வேண்டும் என்று அப்போதே தெரிந்துவிடும். மெழுகில் 1 செ.மீ. குறைப்பது அரைமணி வேலை. கண்ணாடியில் அதே 1 செ.மீ.யைச் சாணையில் குறைப்பது பல நாள் வேலை. அத்தோடு அதிகபட்சத் தடிமன் 100-இலிருந்து 90 மி.மீ.க்கு இறங்கினாலே ஆற்றும் காலத்தில் ஏறத்தாழ ஒரு நாளுக்கு மேல் மிச்சமாகும்.

அடுத்து மணலச்சு வார்ப்பு பற்றித் தனி இழை தொடங்குகிறேன். உருகிய கண்ணாடியைக் கரண்டியால் ஊற்றும் முறைக்கு இங்கே எழுதிய அச்சுக் கணக்கு எதுவும் பொருந்தாது.